மடிக்காத இலை

மிதவைநகரில் காலை எழுந்ததும், "காபி ஆச்சா?" என்பதற்கு முன்னால், "அடுப்பு இன்னைக்கு எங்க ஓடுது?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அடுப்பு வீட்டில்தான் இருக்கும். அதன் மூளையோ கன்டெய்னர் என்கிற நிரல்பெட்டியில் அடைபட்டு, இன்று ஒரு மிதவையின் சர்வரில் ஓடும், நாளை வேறொன்றில். எந்தப் பெட்டி எங்கே ஓடுவதென்று முடிவுசெய்யும் ஒருங்கிணைப்பியைத்தான் அன்று நகரசபை தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் 'மாலுமி' என்கிற ஒருங்கிணைப்பி மேல்தான் கண். உலகமே வைத்திருக்கிறதாம். உலகமா கடலில் மிதக்கிறது என்று பொறியாளர் ஜெசிந்தாவுக்கு எரிச்சலாக வந்தது. இணைப்பு அறுந்து பதில் பேசாத சர்வரையும் செத்ததாக முடிவுகட்டி, அதன் பெட்டிகளை வேறிடத்தில் தொடங்கிவிடும் மாலுமி. பழைய சர்வர் திரும்பி வந்தால், அதில் ஓடுவதை அணைத்துவிடும். மருத்துவ மிதவையில் அவள் கணவன் லியோனின் இதயத்துக்குப் பதிலாகத் துடிக்கும் பம்பை நடத்துவதும் ஒரு பெட்டிதான். மற்ற மிதவைகளில் மாலுமி வெள்ளோட்டத்தில் இருக்க, சண்டைபோட்டு அந்த ஒரு மிதவையில் மட்டும், தானே எழுதிய 'பந்தி' என்ற ஒருங்கிணைப்பியை ஓடவிட்டிருந்தாள்.

"ஒன் பந்தி அப்படி என்னம்மா செஞ்சிரும்?" என்றார் சபைத் தலைவர் சங்கரபாகம்.

"கல்யாணத்துல பந்தி விசாரிக்கோம்லா அண்ணாச்சி? ஒருத்தர் வாயத் தொறக்கலன்னா எழுப்பியா விடுவோம்? இலைய மடிச்சாத்தான் சாப்பாடு முடிஞ்சுன்னு அர்த்தம். சர்வரும் நிக்கப்போவுதுன்னா அதுவே மடிச்சிரும்."

"பொசுக்குன்னு செத்துட்டா?"

"பக்கத்து இலைக்காரன், அதே மிதவையில இருக்க இன்னொரு சர்வர், மடிச்சு விடுவான்."

சபை சிரித்து முடிப்பதற்குள் சூறைக்காற்று வந்து மிதவைகளுக்கிடையே இருந்த இணைப்பை அறுத்தது. சுவர்த்திரையில் எல்லா மிதவைகளும் பதிலில்லை என்று சிவந்தன. மருத்துவ மிதவையும்தான். ஜெசிந்தா லியோனைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள்.

காற்று அடங்கி இணைப்பு திரும்பியதும் மாலுமி தன் வேலையைக் காட்டியது. ஊரெங்கும் விளக்குகள் அணைந்து எரிந்தன, அடுப்புகள் பாதிச் சோற்றில் நின்றன, சபையின் கதவே பூட்டிக்கொண்டது. எந்தச் சர்வரும் இலையை மடிக்காததால், மருத்துவ மிதவையில் மட்டும் ஒரு பெட்டிகூட நிற்கவில்லை.

திரையில் லியோன் கொட்டாவி விட்டான். "எதுக்குட்டி அழுவுற? இப்பத்தான கண்ணசந்தேன்."

"காத்தடிச்சது தெரியலயா?"

"எப்ப?"

பந்திக்கே ஓட்டு என்று சங்கரபாகம் இரண்டு கையையும் தூக்கினார். பூட்டிய கதவுக்குள் சபை மொத்தமும் எழுந்து கைதட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று கத்த வாயெடுத்த ஜெசிந்தா, "ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்றாள்.