கீல் இளகிய கை

அக்டோபர் 14. கோபுரம் கல்லால் கட்டியது என்று நேற்று எழுதியது பிழை. அது கப்பல்களால் கட்டியது.

தன் நாட்குறிப்பை இப்படித் திருத்திவிட்டுத்தான் கலப்பற்றுக்காரி கோபுரத்துக்குள் நுழைந்தாள். படகுப் பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து, சூட்டில் இளகும் கறுப்புக் கீலைத் தார்போலப் பூசி, தண்ணீர் புகாமல் அடைப்பது அவள் பிழைப்பு. கடலில் மூழ்கிய தம்பியைத் தேடிப் பாதாளம் வரை இறங்கி வந்திருந்தாள்.

உள்ளே சேறும் துருவும் நாறின. மூழ்கிய கப்பல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி, செத்த மாலுமிகள் மேலே மேலே கட்டிக்கொண்டிருந்தார்கள். உயிரோடிருப்பவர்களின் கரையை எட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் வெறி. சுத்தியல் சத்தம் ஓயவே இல்லை.

"வாம்மா. நனைஞ்சுட்டியா?" என்றான் அவர்கள் தலைவன். அவனுடைய ஒரு கண்குழியில் நண்டு குடியிருந்தது. "துண்டு தரலாம்னா, இங்க காய்ஞ்ச துணியே கிடையாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். வாய்களிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என் தம்பி எங்க?"

"அதோ, மூலையில, மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான். ஒரு ஆணியக்கூடத் தொட மாட்டேங்கறான். கூட்டிட்டுப் போ. வாசலைத் தாண்டினா மூச்சு வந்துடும்."

"நிஜமாவா?"

"கோபுரத்துல கை வைக்காதவங்களை நாங்க பிடிச்சு வைக்கிறதில்லை. கை வச்சா, வச்சதுதான்."

தம்பியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் எழுந்து அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, எதையும் தொட்டுடாத. இவங்க உடம்புல சூடே இல்ல. கீல் இளகாம இடுக்கெல்லாம் ஒழுகுது. அதான் கட்டக் கட்டச் சரியுது."

"பேசாம நடடா."

அவன் முன்னே, அவள் பின்னே. ஒருவரும் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

தம்பி வாசலைத் தாண்டினான். வெளியே அவன் இருமுவது கேட்டது. மூச்சு!

அந்த நொடியில் வாசல் நிலைக்கு மேலிருந்த இடுக்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் அவள் நெற்றியில் சொட்டியது. திரி பாதி பிதுங்கித் தொங்கியது. தொங்கும் திரியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோன பழக்கம் அவளுக்கு இல்லை. கட்டைவிரல் தானாக எழுந்து, திரியை உள்ளே அமுக்கியது. விரலடியில் கீல் இளகியது.

ஒழுகல் நின்றது.

சுத்தியல்களும் நின்றன.

"அடடா," என்று முனகினான் தலைவன். "சூடு!"

கதவு சாத்திக்கொண்டது. அவள் விரல் பலகையை விட்டு வரவில்லை.

"அக்கா! அக்கா!"

'ஓடுடா, கதவைத் தொடாதே' என்று கத்த வாயைத் திறந்தாள். தண்ணீர்தான் வந்தது.

தட்.

தட், தட்.

இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் கதவை அடித்துக்கொண்டிருந்தான்.

தலைவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். நண்டு மெல்ல நகர்ந்தது.

"சத்தியமா சொல்றேம்மா, அவனை நாங்க கூப்பிடலை."

கதவு திறந்தது. தம்பி உள்ளே வந்தான். அவன் இருமல் நின்றிருந்தது.

யாரோ அவள் கையில் திரி அடிக்கும் மரக் கொட்டாப்புளியைத் திணித்தார்கள். எங்கோ உயரத்தில், முதல் முறையாக, கரையில் நாய்கள் குரைப்பது கேட்டது.

நாளை கிழக்குப் பக்கம். கீலை அவள் இளக்க வேண்டும். திரியைத் தம்பி முறுக்க வேண்டும்.