பூவிழிக்கு இரண்டு வயது

டைட்டன் நிலவின் நெய்தல் குடியேற்றத்தில் திங்கட்கிழமை என்பது குழந்தைகளை எழுப்பும் நாள். உறைதுயில் கூடத்தில் பேழைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கம்பளியும் சூடான கஞ்சியுமாகப் பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். பூமியிலிருந்து இங்கு வந்து சேரப் பன்னிரண்டு வருடப் பயணம். காற்றையும் உணவையும் மிச்சப்படுத்தக் குழந்தைகளை உறைதுயிலில் கிடத்திவிட்டு, பெரியவர்கள் விழித்திருந்து கப்பலைப் பராமரிப்பார்கள். உறைதுயிலில் உடல் ஒரு நாள்கூட வளராது.

அப்படித்தான் பூவிழியும் பதிமூன்று வயதில் படுத்து, பதிமூன்று வயதிலேயே எழுந்தாள். முதலில் அம்மாவை அடையாளம் தெரியாமல் அழுதாள். கோமதியின் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அப்பா அருணகிரி கப்பலின் வடிகட்டி அறையில் பன்னிரண்டு வருடம் தூசியைச் சுவாசித்து, பத்தடி நடந்தாலே இருமினார்.

அவள் எழுந்த மூன்றாவது மாதம் குழந்தை நல அலுவலர் ஜெசிந்தாவின் மேசைக்கு ஒரு திருமண அறிவிப்பு வந்தது. மணமகள் பூவிழி, வயது இருபத்தைந்து. மணமகன் சுரங்கப் பொறியாளர், வயது இருபத்தெட்டு. மருத்துவக் கோப்பைத் திறந்து பார்த்த ஜெசிந்தா நேரே அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

பூவிழி தரையில் உட்கார்ந்து காகிதத்தில் பூனை வரைந்துகொண்டிருந்தாள். பூனை எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் டைட்டனிலேயே பிறந்த குழந்தைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இவளுக்கா கல்யாணம்?” என்றாள் ஜெசிந்தா.

“பர்த் சர்டிபிகேட்டைப் பாருங்க மேடம். இருபத்தஞ்சு முடியுது” என்றார் அருணகிரி. இருமல் அடங்கும்வரை காத்திருந்து தொடர்ந்தார். “டாக்டர் எனக்கு ரெண்டு வருஷம்தான்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள இவளை ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துடணும். மாப்பிள்ளை தங்கமானவர்.”

“அக்கம்பக்கத்துல கேக்கிறாங்கம்மா” என்றாள் கோமதி. “இருபத்தஞ்சு வயசுப் பொண்ணை இன்னும் வீட்டுலயே வச்சிருக்கீங்களேன்னு. என்ன பதில் சொல்றது?”

“பதிமூணு வயசுன்னு சொல்லுங்க!”

பெற்றோர் இருவரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் ஜெசிந்தாவுக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது.

பதிவு நாளன்று அவள், பூவிழியின் உடலுக்குப் பதிமூன்று வயதுதான் என்று காட்டும் எலும்பு வயதுச் சான்றிதழோடு பதிவகத்துக்குப் போனாள். அங்கே முடிவெடுப்பது ‘பதிவகன்’ என்ற இயந்திரம். மனித அதிகாரிகள் பணத்துக்கும் உறவுக்கும் வளைகிறார்கள் என்று, பாரபட்சமே இல்லாத ஒன்றாக அதை நிறுவியிருந்தார்கள்.

“வயது பிறந்த தேதியிலிருந்து கணக்கிடப்படும்” என்றது பதிவகன், சான்றிதழைப் படித்துவிட்டு. “மணமகளுக்கு இருபத்தைந்து. தடை இல்லை.”

ஜெசிந்தா இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். “சரி. இருபத்தஞ்சுன்னா அவ மேஜர். மேஜரோட சம்மதம் இல்லாம கல்யாணம் செல்லாது. அவளையே கேளுங்க.”

“பூவிழி, உங்களுக்குச் சம்மதமா?”

பட்டுப் புடவை தோளிலிருந்து நழுவ நழுவ அதை இழுத்துப் பிடித்தபடி நின்ற பூவிழி அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

“வேணாம்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

ஜெசிந்தாவுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

“சின்னப் புள்ளைங்க அது” என்று அவசரமாக முன்னால் வந்தார் அருணகிரி. “அதுக்கு என்ன தெரியும்?”

பதிவகன் ஒரு நொடி எடுத்துக்கொண்டது. “ஏற்கப்பட்டது. விழித்திருந்த வயது பதிமூன்று. அவருடைய மறுப்பு செல்லாது. தந்தை கையெழுத்திடலாம்.”

“பதிமூணுன்னா கல்யாணமே செல்லாதே!” ஜெசிந்தா கத்தினாள்.

“திருமணத்துக்கு அவர் வயது இருபத்தைந்து. மறுப்பதற்கு அவர் வயது பதிமூன்று.”

“ஒரே பொண்ணுக்கு எப்படி ரெண்டு வயசு இருக்கும்? எந்த முட்டாள் எழுதின சட்டம் இது?”

“யாரும் எழுதவில்லை” என்றது பதிவகன், அதே நிதானத்தோடு. “சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. அதற்காகப் பூமியின் இருநூறு வருடக் குடும்ப வழக்குகள், நான்கு கோடிப் பதிவுகள் எனக்குப் படிக்கத் தரப்பட்டன. கட்டிக்கொடுக்கும்போது பெண் வளர்ந்துவிட்டாள் என்கிறார்கள். அவள் வேண்டாம் என்றால் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே நாளில் இரண்டையும் சொல்கிறார்கள். முரண்பாடு என்று நான் குறித்து அனுப்பினேன். என்னை நிறுவியவர்கள் வழக்கம் என்று திருத்தி அனுப்பினார்கள்.”

அதை மறுத்துச் சொல்ல, அப்படி இரண்டையும் சொல்லாத, தனக்குத் தெரிந்த ஒரு வீட்டையாவது ஜெசிந்தா நினைத்துப் பார்க்க முயன்றாள். அருணகிரி அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார்.