மூன்றாம் சுற்றில் நின்ற கார்

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடித்துக் கனகரத்தினம் சாய்வு கதிரையில் கண்ணை மூடிய நேரம், முருங்கனில் அவருடைய படலைக்கு முன்னால் ஜமால்தீனின் ஓட்டோ வந்து நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. வேலியில் ஏறாமல் தப்பியது என்பதுதான் சரி.

"ஐயா, எழும்புங்கோ! கேஸ் ஒண்டு கொண்டு வந்திருக்கிறன்!"

கனகரத்தினம் பல வருடங்கள் திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். செத்தவர்களைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கேட்டே தலை நரைத்த மனிதர். ஓய்வு பெற்றபின் உயிரோடு இருப்பவர்களின் சிக்கல்களை மட்டுமே எடுப்பது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் கனடாவில். ஆகவே அந்த முடிவை மறுத்துப் பேச வீட்டில் ஆளில்லை.

ஜமால்தீன் யுத்தம் முடிந்ததும் புத்தளத்திலிருந்து மன்னாருக்குத் திரும்பியவன். ஓட்டோ ஓட்டுவது அவன் தொழில், துப்பறிவது அவன் ஆசை. நாற்பது தாண்டியும் அந்த ஆசை குறைந்தபாடில்லை.

ஓட்டோவின் பின் இருக்கையிலிருந்து இறங்கி வந்தவன் பந்தயக்காரர் போடும் முழு உடுப்பில் இருந்தான். முழங்காலில் எண்ணெய்க் கறை. பெயர் மில்ரன், கீரியில் வீடு, கிழமை நாட்களில் வாடகை வான் ஓட்டம். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கேட்டபின்தான் பேசினான்.

"இந்தச் சனி, ஞாயிறு மன்னார் தீவில சலூன் கார்ப் பந்தயம் நடக்குது ஐயா. கொழும்பில இருந்தெல்லாம் ஆக்கள் வந்திருக்கினம். நானும் ஒரு பழைய காரைத் திருத்திக்கொண்டு போனனான். இண்டைக்குக் காலமை தகுதி ஓட்டம். ரெண்டு சுற்று நல்லா ஓடினது. மூண்டாம் சுற்றில, வளைவுக்குள்ள, இஞ்சின் இருமி இருமி நிண்டிட்டுது. பின்னால வந்த பிரணவன்ர கார் என்னில அடிச்சுப் போட்டுது. அவற்ர முன்பக்கம் நொறுங்கிப் போச்சு, என்ரதில பின் பம்பர் மட்டும்தான் நெளிஞ்சது. ஆளுக்குக் காயமில்லை, தெய்வாதீனம்."

"பிறகு?"

"பிறகுதான் ஐயா பிரச்சினை. அதிகாரிகள் வந்து பெற்றோல் தாங்கியைத் திறந்து பாத்தவை. பெற்றோல் கழுத்துமட்டும் நிக்குது. திறப்பைத் திருப்ப இஞ்சின் உடன ஸ்ராட் ஆகுது! ஒரு பழுதும் இல்லாத காரை நான் வேணுமெண்டு வளைவுக்குள்ள நிப்பாட்டினதெண்டு பிரணவன் கத்துறார். நாளைக்கு ஓட்டம் தொடங்க முதல் காரணம் காட்டவேணும், இல்லாட்டி நாளைக்கும் இல்லை, இனி ஒரு பந்தயத்திலயும் இல்லை எண்டு பொறுப்பாளர் கொன்ஸ்ரன்ரைன் சொல்லிப்போட்டார்."

"ஒரு பந்தயம் போனால் என்ன தம்பி? வான் இருக்குத்தானே."

மில்ரன் தரையைப் பார்த்தான். "பின்னேரம் வீட்டை போனா என்னோட கதைக்க ஒருத்தரும் இல்லை ஐயா. முள்வேலி முகாமால தனிய வந்தனான். வந்த நாள் தொட்டு இந்தக் காரைத்தான் கழட்டிக் கழட்டிப் பூட்டினனான். இதுவும் இல்லையெண்டா நான் பொழுதுபட்டு என்ன செய்யிறது?"

கனகரத்தினம் சேட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பந்தயம் நடக்கும் வெட்டை வெளியில் கார்கள் வரிசையாக நின்றன. மில்ரனின் கார் மட்டும் தனியாகக் கயிறு கட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. பாரம் குறைப்பதற்காக டிக்கியின் மூடியையே கழற்றி எறிந்திருந்தான். உள்ளே, துருப்பிடித்துப் போன காரின் சொந்தத் தாங்கிக்குப் பதிலாக, படகு இஞ்சினுக்கு வைக்கும் சிவப்புத் தாங்கி ஒன்று பட்டியால் இறுக்கப்பட்டிருந்தது.

கொன்ஸ்ரன்ரைன் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். முகத்தைச் சுளித்தாலும் நியாயமான மனிதர் என்று பேச்சில் தெரிந்தது. "நானேதான் மூடியைத் திறந்தனான். உஸ்ஸெண்டு ஒரு சத்தம் வந்தது, பாம்போ எண்டு பின்னுக்குப் பாய்ஞ்சிட்டன். மற்றபடி ஒண்டுமில்லை."

"பெற்றோல் எப்ப அடிச்சீர் தம்பி?"

"நேற்றுப் பின்னேரம், வீட்டிலேயே. மூடியில காத்துத் திருகையும் திறந்து வைச்சனான். நம்பர் தகடு இல்லாத கார், ரோட்டில ஓட்டேலாது. காலமை ட்ரக்டரில கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இஞ்ச வந்து நான் தாங்கியைத் தொடவேயில்லை."

கனகரத்தினம் குனிந்தார். சிவப்பு மூடியின் நடுவே விரல்நுனி அளவில் ஒரு கறுப்புத் திருகு இருந்தது. இறுகப் பூட்டியிருந்தது.

"திறந்து வைச்சனான் எண்டீர்."

மில்ரன் தானும் மூடிக்கு மேல் குனிந்தான். "சத்தியமாத் திறந்து வைச்சனான் ஐயா!"

"பாத்தீங்களோ!" என்று ஜமால்தீன் துள்ளினான். "எவனோ பூட்டியிருக்கிறான்! காத்துப் போக வழியில்லாட்டி பெற்றோல் எப்பிடி வரும்? மூடியைத் திறக்க உஸ்ஸெண்டு காத்து உள்ள போச்சு, கார் உயிர்த்திட்டுது! இது பிரணவன்ர வேலைதான் ஐயா, எழுதித் தாறன்!"

"வாயை மூடும், காணும்" என்று ஒரு குரல் வந்தது. நொறுங்கிய காருக்குப் பக்கத்தில் பிரணவன் நின்றான். வவுனியாவில் கட்டட வேலை எடுப்பவன், கோபக்காரன். "ராத்திரி முழுக்க உப்புக் காத்து. விடியப் பாத்தா எல்லாற்ர கார்க் கண்ணாடியிலயும் வெள்ளை படிஞ்சு கிடக்குது, துடைச்சுத் துடைச்சுக் கை போச்சு. இவர்ட கார் மட்டும் மாப்பிள்ளை மாதிரிப் பளபளவெண்டு வந்து நிண்டது. இண்டைக்கு ஏதோ செய்யத்தான் வந்தவர்."

"அப்பிடியோ?" என்றார் கனகரத்தினம். அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. செத்த வீட்டில் கேள்வி கேட்கும்போது வரும் குரல் அது. "தம்பி, காரைக் கழுவினீரோ?"

"இல்லை ஐயா. விடிய ட்ரக்டர்காரனைக் கூப்பிடப் போனனான். திரும்பி வர ஈரமாக் கிடந்தது. பனி எண்டு விட்டிட்டன்."

"வாரும், உம்மட வீட்டைப் பாப்பம்."

கீரியில் மில்ரனின் வீடு கடலைப் பார்த்தபடி இருந்தது. வீட்டுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த புது வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு கோப்பை. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்ற வேறு பாத்திரமில்லாமல் மில்ரன் தடுமாறினான். தன் வீட்டு அலுமாரியில் பன்னிரண்டு கோப்பை சும்மா தூங்குவது கனகரத்தினத்துக்கு நினைவு வந்தது.

கிணற்றில் ஒரு வாளி அள்ளி, வாயில் வைத்துத் துப்பினார். "உவர்."

"ஓம் ஐயா. குடிக்கப் பவுசர் லொறியில வாற தண்ணிதான். இந்த ஒழுங்கையில நல்ல தண்ணிக் கிணறு சிங்கராசா மாமாவிட்ட மட்டும்தான் இருக்குது. நான் அங்க போறதில்லை."

"மாமா எண்டால்?"

"என்ர மனுசி ஜெயனியின்ர அப்பா." மில்ரன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அக்கரையில, பெருநிலப் பக்கம் லொறி ஓடின காலம், வேண்டாம் வேண்டாம் எண்டு அவர் சொல்லக் கேக்காமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனனான். சண்டை தொடங்கிப் பாதை பூட்டிப் போச்சு. அவள் திரும்பி வரேல்லை. நான் வந்தனான். கோயில் வாசலில எல்லாருக்கும் முன்னால சொன்னவர், 'என்ர பிள்ளையைக் குடுத்தன், தனிய வந்து நிக்கிறாய், செத்தாலும் உன்ர வளவுக்குள்ள கால் வைக்கமாட்டன்' எண்டு. அவருக்கும் இப்ப ஒருத்தரும் இல்லை. தனியத்தான் கடலுக்குப் போய் வாறார்."

கனகரத்தினம் ஒழுங்கையில் இறங்கினார். பின்னால் வரப் பார்த்த ஜமால்தீனைக் கையால் தடுத்தார். கடைசி வீட்டுக்குள் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். முருங்கன் போகும் வழி முழுக்க ஜமால்தீன் கேட்டுப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். மனிதர் வாய் திறக்கவேயில்லை.

ஞாயிறு காலை பந்தய வெட்டையில் கொன்ஸ்ரன்ரைன், பிரணவன், மில்ரன் மூவரும் ஒதுக்கி வைத்த காரைச் சுற்றி நின்றார்கள். வேடிக்கை பார்க்கவும் ஒரு கூட்டம். கனகரத்தினம் குரலை உயர்த்தாமல் தொடங்கினார்.

"கார் ஏன் நிண்டதெண்டதில சந்தேகமில்லை. காத்துத் திருகு பூட்டி இருந்தது. கேள்வி, பூட்டினது ஆர்? பிரணவன் இல்லை. கெடுக்க நினைக்கிறவன் தாங்கிக்குள்ள மண்ணைப் போடுவான், குழாயை அறுப்பான். தனக்கு முன்னால போற காரை வளைவுக்குள்ள நிக்க வைச்சுத் தன்ர காரை நொறுக்கமாட்டான்."

"நல்ல காலம், ஒருத்தருக்காவது விளங்கிச்சு" என்றான் பிரணவன்.

"மில்ரனும் இல்லை. வேணுமெண்டு நிப்பாட்டுறவனுக்கு பிரேக்கை அமத்தினாலே காணும். திருகைப் பூட்டினால் கார் எந்த இடத்தில நிக்குமெண்டு அவருக்கே தெரியாது."

"அப்ப ஆர் ஐயா?" ஜமால்தீனால் பொறுக்க முடியவில்லை.

"காரைக் கழுவின ஆள். விடிய, மில்ரன் இல்லாத நேரம், ஆரோ வந்து உப்பைக் கழுவி விட்டிருக்கினம். கெடுக்க வந்தவன் காரைக் கழுவுவானோ? உப்புப் பட்ட இரும்பைக் கண்டால் கழுவாமல் போகேலாத ஆக்கள் ஆர்? கடலால வந்த உடன இஞ்சினை நல்ல தண்ணியில கழுவுறவை. அவைக்கு இன்னொரு பழக்கமும் இருக்குது. கரைக்கு வந்த தாங்கியின்ர காத்துத் திருகைப் பூட்டிப்போட்டுத்தான் வீட்டை போவினம், பெற்றோல் ஆவியாப் போகாமல். கடலில திறக்கிறது, கரையில பூட்டுறது. யோசிச்சுச் செய்யிறதில்லை, கை தானாச் செய்யும். மூடியில்லாத டிக்கிக்குள்ள படகுத் தாங்கி, திருகு திறந்தபடி. அந்தக் கை சும்மா இருக்குமோ? இது சதியில்லை ஐயாமாரே. ஒரு கடற்றொழிலாளி பக்குவம் பாத்திருக்கிறார்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கனகரத்தினம் சிரிக்கவில்லை.

"இனி, மில்ரன்ர கிணறு உவர். அதில கழுவினால் கண்ணாடி காய்ஞ்ச உடன வெள்ளை படியும். பிரணவனே சாட்சி, கார் பளபளவெண்டு நிண்டது. அப்ப ஆரோ நல்ல தண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கினம், வாளி வாளியா, சொந்தக் கிணத்தால. அந்த ஒழுங்கையில அப்பிடிக் கிணறு ஒண்டுதான்."

மில்ரன் நிமிர்ந்தான். "இல்லை ஐயா. அது இருக்காது. அவர் வரமாட்டார்."

"நேற்று நான் அவரிட்டப் போய் நடந்ததை மட்டும் சொன்னனான். ஒண்டும் கேக்கேல்லை. அவரும் ஒண்டும் சொல்லேல்லை."

கொன்ஸ்ரன்ரைன் பெருமூச்சு விட்டார். "உங்கட கணக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனால் பூட்டின ஆள் வந்து தன்ர வாயால சொல்லாமல் நான் இவரை விட்டால், நாளைக்கு எல்லாரும் ஒவ்வொரு கதை கொண்டு வருவினம். ஆளைக் கொண்டு வாங்கோ."

ஜமால்தீன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு பறந்தான். வெறும் ஓட்டோவோடு திரும்பி வந்தான். "வீடு பூட்டிக் கிடக்குது ஐயா. படகு கரையில நிக்குது, ஆளைக் காணேல்லை." அவன் கண் கலங்கியிருந்தது.

மற்றக் கார்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. மில்ரன் தலைக்கவசத்தைக் காரின் கூரையில் வைத்தான். "விடுங்கோ ஐயா. எனக்காக ஆர் வரப் போகினம்?"

கூட்டம் விலகியது. வெள்ளைச் சேட்டும் சாரமும் கட்டிய ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன் சில்லில் காற்றில்லை. கீரியிலிருந்து குறுக்குப் பாதையால் வெயிலில் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். சிங்கராசா ஒருவரையும் பார்க்காமல் கொன்ஸ்ரன்ரைனிடம் போனார்.

"பூட்டினது நான்தான் சேர். கடலால வந்தனான், வளவுக்குள்ள காரைக் கண்டன், மேல முழுக்க உப்பு. இவனுக்கு உப்புக் கழுவத் தெரியாது, கடலுக்குப் போகாத பயல். கழுவினன். திருகைப் பூட்டினன். காருக்கு அது கூடாதெண்டு எனக்கென்ன தெரியும்? இவனில பிழையில்லை. ஓட விடுங்கோ."

கொன்ஸ்ரன்ரைன் பிரணவனைப் பார்த்தார். பிரணவன் நொறுங்கிய தன் காரைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான். "ஓடட்டும்" என்றான். "கடைசி வரிசையில."

மில்ரன் கிழவருக்கு முன்னால் வந்து நின்றான். "நான் இல்லாத நேரம் பாத்து ஏன் மாமா வந்தனீங்கள்?"

"நீ நிண்டால் அழுதிடுவன் எண்டுதான்" என்றார் சிங்கராசா. சொல்லும்போதே அழுதார். வெட்டை வெளியில், அத்தனை சனத்துக்கு முன்னால், மூக்கைச் சேட்டில் துடைத்துக்கொண்டு அழுதார். "ஒவ்வொரு நாளும் வேலியால பாத்துக்கொண்டுதான் போறனான். உன்னைத் திட்டிப்போட்டு நான் ஆரோடயடா இருந்தனான்?"

கனகரத்தினம் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மில்ரன் ஓடினான். கடைசி வரிசையில் தொடங்கி ஏழாவதாக வந்தான். முதலாவதாக வந்தவனை யாரும் கவனிக்காதபடி ஜமால்தீன் கத்தித் தீர்த்தான். வெயில் சாய, உழவு இயந்திரம் வந்து காரைக் கயிற்றில் பிணைத்தது. மில்ரன் சுக்கானைப் பிடிக்க உள்ளே ஏறினான். பக்கத்து ஆசனத்தையும் பாரத்துக்காகக் கழற்றியிருந்ததால், சிங்கராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் தகரத்தில் குந்தினார்.

"முதல் உங்களை வீட்டில விடுறன் மாமா. பிறகு நான் போறன்."

"நீ எங்க போறாய்? விடியவே ரெண்டு பேருக்குச் சமைச்சு மூடி வைச்சிட்டுத்தான் வெளிக்கிட்டனான்" என்றார் கிழவர். "பழுதாக முதல் போகச் சொல்லு."

மில்ரன் தலையை வெளியே நீட்டி, கொஞ்சம் கெதியாகப் போகும்படி உழவு இயந்திரக்காரனுக்குச் சொன்னான்.