மடக்கிய விரல்

விடிந்தும் விடியாத நேரத்தில் கரமனை வீட்டின் கொல்லையிலிருந்து பொன்னம்மையின் குரல் கிளம்பியபோது, கோலப்பன் முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். நுரையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். தாயார் இடுப்பில் கைவைத்து நின்றாள். மனைவி கலைச்செல்வி வெள்ளரித் தடத்தில் குந்தியிருந்தாள். அவள் முந்தானையில் பறித்த பூக்கள் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தன.

"பாருடா, ஒனக்க பொண்டாட்டி செய்யுத வேலய. விஷுக்கணிக்குன்னு வளக்குத கொடியில பூவ எல்லாம் நுள்ளி எடுக்கா. பூ போனா பிஞ்சு எங்கேருந்து வரும்? பத்மப்ரியா வயித்துல பிள்ளையும் வச்சுக்கிட்டு வித்து போட்ட கொடியாக்கும் இது. அவ நல்லாருக்கது இவளுக்குப் பொறுக்கல்ல."

"அத்தே... அப்படி இல்ல..."

"பின்னே எப்படி? மடியில என்னது, சொல்லு."

கலைச்செல்வி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்த குடும்பம் அது. குடியேறிய மலையாள ஊரின் வழக்கத்தில் விஷுவையும் சேர்த்துக்கொண்டார்கள். விஷு விடியலில் கண்விழித்ததும் முதலில் பார்க்கும் கணி உருளியில் வைக்கும் வெள்ளரி மட்டும் சந்தையில் வாங்கியதாக இருக்கக் கூடாது, சொந்தக் கொல்லையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது பொன்னம்மையின் சட்டம். கொடியில் கிடக்கும் பிஞ்சை யாரும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் அழுகிவிடும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அன்றும் பிஞ்சுகளை அவள் மடக்கிய விரலால்தான் காட்டினாள். மருமகளைக் காட்டும்போது மட்டும் விரல் நேராக நீண்டது.

"ராசி இல்லாத கை. பெத்த பிள்ளைய தொட்டிலில போட முந்தியே அனுப்பி வச்ச கை. இதக் கொண்டு என் கொடியத் தொடாதேன்னு எத்தன வருஷமா சொல்லுகேன்..."

கோலப்பன் நுரை வழிய நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எதுக்குக் கலை பறிச்ச?" என்று கேட்டார். அவள் முந்தானையை இழுத்துப் பூக்களை மூடிக்கொள்ளவும், "அம்ம சொல்லுதது சரிதான் போலிருக்கு" என்று முனகிவிட்டுக் குளியலறைக்குத் திரும்பினார். அம்மா கீறிய கோட்டைத் தாண்டாத மகன் என்று ஆரியசாலையில் அவருக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரின் செலவு முழுக்க இவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

கலைச்செல்வி சொல்லாமல் விட்டது இதுதான். பத்மப்ரியா போட்ட வித்து ஒன்றுகூட முளைக்கவில்லை. கொழுந்தன் தாணுமாலையனின் மனைவி அவள். அக்கவுண்டண்ட் வீட்டுப் பெண், மண்வெட்டி பிடித்தறியாதவள். தண்ணீரைக் கொட்டி வித்தை அழுகவைத்துவிட்டு, "அக்கா, இனி அத்தை என்ன சொல்லுவாங்களோ" என்று அழுதாள். ஏற்கெனவே இரண்டு கரு கலைந்து, மாமியார் வாயில் விழுந்து எழுந்தவள். கலைச்செல்வி யாருக்கும் தெரியாமல் அதே தடத்தில் வேறு வித்துப் போட்டாள். முளைத்ததைப் பார்த்துப் பொன்னம்மை சின்ன மருமகளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வாரமே பத்மப்ரியா கர்ப்பம் என்று தெரிந்தது. கொடியும் குழந்தையும் பொன்னம்மையின் மனதில் ஒன்றாகிப் போயின.

பூவைப் பறித்த காரணத்தைச் சொல்லப் போனால், கொடியில் தன் கை பட்ட கதை முழுதும் வெளியே வரும். இனி எந்த வாயால் உண்மையைச் சொல்வது? முளைத்தது பத்மப்ரியாவின் கையால் இல்லை என்று தெரிந்தால், அந்தக் கிழவி வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்தல்லவா அபசகுனம் பேசுவாள்? நான் கேட்காத பேச்சா, என் ஒருத்தியோடு போகட்டும் என்று கலைச்செல்வி நினைத்தாள். நினைத்துவிட்டாளே தவிர, அன்று முழுக்க அடுப்படியில் அவள் கண் வடிந்துகொண்டே இருந்தது.

அதன்பிறகு கொல்லைக் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி பொன்னம்மையின் இடுப்பில் ஏறியது. பூக்கள் விரிந்தன, பிஞ்சுகள் தலைகாட்டின, ஒவ்வொன்றாக மஞ்சளித்து உதிர்ந்தன. "அவ தொட்ட கொடி, பின்னே எப்படி வெளங்கும்?" என்று கிழவி தெருவுக்கே கேட்கச் சொன்னாள். கடைசியில் மகனைக் கூப்பிட்டு உத்தரவு போட்டாள்.

"பத்மப்ரியா பெத்து எழும்புத வரைக்கும் இவ பூதப்பாண்டியில அவ அம்ம வீட்டுல இருக்கட்டும். இவ கண்ணு வயித்துப் பிள்ள மேல விழாண்டாம்."

"சரிம்மா. திங்கக்கிழம பஸ்ஸுல ஏத்தி விடுகேன்" என்றார் கோலப்பன்.

பத்மப்ரியாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் ஓய்வுக்காக நெய்யாற்றின்கரையில் தாய்வீட்டில் இருந்தாள். போனில் கேட்கும்போதெல்லாம் கலைச்செல்வி, "கொடி நல்லாருக்கு, நீ நேரத்துக்குச் சாப்பிடு மோளே" என்பாள்.

பங்குனி வெயில் தொடங்கினால் அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தங்காது. ஒரு வாரம் பொன்முடி, ஒரு வாரம் சங்குமுகம். விஷுவுக்கு முன்னால் ஒரு ஞாயிறு வெள்ளாயணிக் காயலில் தூண்டில் போட்டே ஆகவேண்டும். அண்ணனும் தம்பியும் மனம்விட்டுப் பேசுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். மறுநாள் வீட்டைவிட்டுப் போகவேண்டியவள், அன்று வாழைத்தடத்தில் மண்புழு தோண்டிச் சிரட்டையில் போட்டாள், புளிச்சோறு கிண்டினாள், துவையல் அரைத்தாள். எல்லாவற்றையும் காரில் ஏற்றிவிட்டு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

பத்மப்ரியா நேராகக் காயலுக்கே வந்துசேர்ந்தாள். மேடிட்ட வயிற்றைப் பார்த்ததும் கலைச்செல்விக்கு நெஞ்சு நிறைந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள எழுந்தவளைப் பொன்னம்மையின் கை தடுத்தது.

"நீ அங்க இரி. சோறு நான் வெளம்பிக்கிடுவேன்."

பூத்துக் கிடந்த கொன்றை மரத்தடியில் கலைச்செல்வி தனியே போய் உட்கார்ந்தாள். பத்மப்ரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்காவுக்கு என்னாச்சு அத்தே? ஏன் தனியா இருக்காங்க?"

"நாளைக்கு ஊருக்குப் போறா. கொடியில பூவ எல்லாம் பறிச்சுப் போட்டுட்டா மக்கா... நீ வித்து போட்ட கொடியில. கையும் மடியுமா பிடிச்சேன். இப்பம் ஒரு பிஞ்சு தரிக்கல்ல. இனி ஒனக்க வயித்தப் பாத்துப் பெருமூச்சு விடாண்டாம்னுதான் அனுப்புகேன்."

"பத்மா, ஒண்ணும் பேசாண்டாம்" என்று மரத்தடியிலிருந்து கலைச்செல்வி குரல் கொடுத்தாள். "நீ சாப்பிடு."

பத்மப்ரியா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளைக்குக்கா பேசாம இருக்கது?... அத்தே, அந்தக் கொடி நான் போட்டதில்ல. நான் போட்டது அழுகிப்போச்சு. அக்காதான் பொறவு வித்து போட்டாங்க. நீங்க என் கையப் பிடிச்சு ராசியான கைன்னு சொன்னீங்க. ரெண்டு பிள்ளையப் பறிகுடுத்துட்டு நின்னவள அப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டது அன்னைக்குத்தான். அந்தச் சொல்ல விட எனக்கு மனசு வரல்ல. நான் பாவி, வாய மூடிக்கிட்டேன். எனக்காக அக்காவும் மூடிக்கிட்டாங்க..."

"பூ பறிச்சத நான் கண்ணால கண்டேன்."

"ஆண்பூ அத்தே. அக்கா எனக்குக் காட்டித் தந்ததாக்கும். அதுல எந்தக் காலத்துலயும் பிஞ்சு வராது. அதப் பறிச்சுப் பெண்பூவுக்கு உள்ள தொட்டு வைக்கணும், அப்பத்தான் காய்க்கும். முன்ன தேனீச்ச செஞ்ச வேல. பக்கத்துல ஃபிளாட் வந்து மருந்தடிக்கத் தொடங்கின பொறவு தேனீச்ச ஏது? நாலஞ்சு வருஷமா நீங்க உருளியில வச்சுக் கும்பிட்ட வெள்ளரியெல்லாம் அக்கா கை தொட்டது."

"அப்பம் ரெண்டு பேருமா சேந்து என்ன மண்டச்சியாக்கி ஏமாத்தினீங்க" என்று பொன்னம்மை சீறினாள். சீற்றம் பழையதுதான்; குரலில்தான் பலமில்லை.

"அம்மா, போதும். இனியாவது நிறுத்து" என்றான் தாணுமாலையன்.

கோலப்பனின் தூண்டிலை ஏதோ மீன் இழுத்தது. மிதப்பு அமிழ்ந்து, கம்பும் கைநழுவி நீரில் போனது. அவர் கவனிக்கவே இல்லை. மரத்தடிக்கு வந்து மனைவி முன்னால் நின்றார்.

"கலை... நாளைக்குப் போகாண்டாம்."

"பஸ்ஸுல ஏத்தி விடுகேன்னு சொன்னதும் நீங்க, போகாண்டாம்னு சொல்லுததும் நீங்களா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அத்தை திட்டினது எனக்குப் புதுசில்ல. அன்னைக்கு நீங்க என்னக் கொல்லைக்கு வெளிய கூட்டிட்டுப் போயி, என்ன நடந்துன்னு ஒரு வாட்டி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க மொகத்தக் கழுவப் போயிட்டீங்க. நான் போறேன். அனுப்பி வைக்கதுக்கு இல்ல, எனக்குப் போகணும்."



மறுநாள் காலையில் கலைச்செல்வி பையோடு வாசலுக்கு வந்தாள். கோலப்பன் கதவருகே தலைகுனிந்து நின்றார். அப்போது கொல்லைப்பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பூட்டுத் திறந்து கிடந்தது. வெள்ளரித் தடத்தில் பொன்னம்மை முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். ஒரு பூவைப் பறித்து இன்னொரு பூவில் தேய் தேயென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அது பெண்பூ. அடியில பிஞ்சு இருக்கு பாருங்க. அதப் போயிப் பறிச்சுட்டீங்களே."

கிழவி கையிலிருந்ததைப் பார்த்தாள். கடுகடுவென்ற முகம் மெல்லக் கோணியது.

"எனக்கு எங்க தெரியும்... ஒருத்தியும் சொல்லித் தரல்ல."

கலைச்செல்வி பையை வைத்துவிட்டு இறங்கினாள். ஓர் ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, விரிந்திருந்த பெண்பூவுக்குள் மெதுவாகத் தொட்டு வைத்தாள். மாமியாரின் பார்வை அந்த விரல்களைவிட்டு நகரவில்லை.

"அங்க பாரு, எலைக்கு அடியில" என்று பொன்னம்மை விரலை மடக்கிக் காட்டினாள். பூ பறித்து மாட்டிக்கொண்ட அந்த நாளில், பிடிபடும் முன் கலைச்செல்வி தொட்டு வைத்த பூ அது. இதுவரை யார் கண்ணிலும் படாமல் கைப்பிடி அளவுக்குத் திரண்டு கிடந்தது. "வெளுக்கத் தொடங்கியாச்சு. விஷுவுக்குப் பழுத்திரும். இந்த வருஷம் கணி நீதான் வைக்கணும்."

"வைக்கேன் அத்தே. ஆனா ஒண்ணு இருக்கு. எம் பிள்ள போனது என் கையாலன்னு சொல்லியிருக்கீங்க. கணி வைக்கணும்னா அந்தச் சொல்ல நீங்க எடுக்கணும். இல்லேன்னா பத்து மணி பஸ்ஸு இருக்கு."

பொன்னம்மைக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை. வழக்கம்போல விரல் நேராக நீண்டது, மருமகளின் மார்புக்கு நேரே. உதடு ஏதோ சுடுசொல்லுக்குத் துடித்தது. கலைச்செல்வி அசையவில்லை.

பிறகு, பிஞ்சைக் காட்டுகிறவள்போல, கிழவி அந்த விரலை மடக்கிக்கொண்டாள்.

"ஒனக்க கையில ஒரு குத்தமும் இல்லட்டி மக்கா" என்றாள். "அந்தப் பிள்ள எனக்கும் பிள்ளதான். போன ஆத்தாமைய நான் ஒனக்க தலையில போட்டுட்டேன்."

இத்தனை வருஷமாக யார் முன்னாலும் அழாத அழுகை அப்போதுதான் கலைச்செல்விக்கு வந்தது. கொடி மிதிபடாமல் காலை ஒதுக்கி வைத்து, மாமியாரின் தோளில் முகம் புதைத்து, தன் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதாள்.