தெற்கே யார் வீடு?

தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் துப்பறிவாளர் அசரியாவின் அறை இருந்தது. 1993ஆம் ஆண்டு ஆனி வெயிலில் அந்தப் படிகளை ஏறி வந்த தையல்நாயகி, நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மஞ்சள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சார், இதுல ஒண்ணு எனக்கு வூட்ட குடுக்குது. இன்னொண்ணு என்னை வெளிய போவச் சொல்லுது. ரெண்டுலயும் அவர் கையெழுத்துதான்னு சொல்றாங்க."

அவர் என்றது யேசுதாசனை. மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர், மணமாகாதவர். பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாயைப் பார்த்துக்கொள்ள, கணவனை இழந்த தையல்நாயகியைத் தன் மாடம்பாக்கம் வீட்டில் அமர்த்தினார். சம்பளத்துக்கு வந்தவள், மகளாகவே ஆகிப்போனாள். கிழவியின் கடைசி மூச்சும் அவள் மடியில்தான் பிரிந்தது. அடக்கத்துக்கு யேசுதாசனால் வர முடியவில்லை. மறு வருஷம், 1990இல், அந்த வீட்டை அவளுக்கு எழுதிவைத்து, உயிலை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். போன தீபாவளிச் சமயத்தில் மாரடைப்பில் அவரும் போய்விட்டார்; உடலை ஊருக்குக் கொண்டுவந்து தாயின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இப்போது அவருடைய தம்பி சின்னப்பன் வேறொரு உயிலைக் காட்டி, அதன் நகலை அவளிடம் கொடுத்திருந்தார். 1991இல் அண்ணன் விடுமுறையில் வந்திருந்தபோது, மனம் மாறித் தம்பிக்கே எல்லாவற்றையும் எழுதியதாக அதில் இருந்தது. பிந்திய உயில்தான் செல்லும் என்று சின்னப்பனின் வக்கீல் சொல்லிவிட்டாராம்.

அசரியாவின் உதவியாளர் கிட்டு, நாற்பது தாண்டியும் ஆர்வம் குறையாதவர். பூதக்கண்ணாடியோடு கையெழுத்துகளின்மேல் கவிழ்ந்து கிடந்து, முகம் வாடி நிமிர்ந்தார்.

"ரெண்டும் ஒரே கை மாதிரிதான் இருக்கு சார்."

"கையெழுத்தை விடுங்க. தம்பி காட்டுற உயில நிதானமாப் படிங்க, கேட்போம்" என்றார் அசரியா.

கிட்டு படித்தார். சுயநினைவோடு எழுதுவது, தம்பியின் பிள்ளைகள்மேல் உள்ள பாசம், பிறகு வீட்டின் விவரம்: வடக்கே காலிமனை, கிழக்கே பொதுக்கிணறு, தெற்கே நாகலக்ஷ்மி அம்மாள் வீடு, மேற்கே பஞ்சாயத்து ரோடு. தையல்நாயகிக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்தச் சொற்களை எழுதியது யேசுதாசன்தான் என்றால், வீடு போவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய வலி. தான் என்ன குறை வைத்தோம் என்று மனத்துக்குள் தேடிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அசரியாவும் கிட்டுவும் மாடம்பாக்கத்துக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி காபி கொண்டுவந்தாள். அசரியா உயில் பேச்சையே எடுக்காமல், அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி, மழைக்குத் தெரு தாங்குமா என்று விசாரித்தார். சம்பத் என்பவரிடம் வீட்டை வாங்கி, போன தையில்தான் குடிவந்ததாக அவள் சொன்னாள். கிட்டுவுக்குப் பொறுமை போய்விட்டது. அசரியாவோ காபியை ரசித்துக் குடித்துவிட்டு அவரைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும், அங்கிருந்து அனகாபுத்தூருக்கும் போய்வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். சின்னப்பன் உட்காரும்போதே கறாராக ஆரம்பித்தார்.

"அவகிட்ட கீறது வெளிநாட்டுப் பேப்பர் சார். ஸ்டாம்பு இல்ல, ரிஜிஸ்தர் இல்ல. அது இங்க செல்லாது."

"உயிலுக்கு ஸ்டாம்பும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்ல. எந்த ஊர்ல உட்கார்ந்து எழுதினாலும் சரி" என்றார் அசரியா. "எழுதினவர் ரெண்டு சாட்சிகளுக்கு முன்னால கையெழுத்துப் போடணும். அவர் பார்க்க அந்த ரெண்டு பேரும் போடணும். அவங்களுக்குச் சொத்துல பங்கு இருக்கக் கூடாது. உங்க அண்ணன் இதையெல்லாம் விசாரிச்சுத்தான் செஞ்சிருக்கார். சாட்சியில ஒருத்தர் இதோ இருக்கார்."

மூலையில் இருந்த சாம்பசிவன் வணங்கினார். மஸ்கட்டில் யேசுதாசனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், இப்போது அனகாபுத்தூர்வாசி.

"இருக்கட்டுமே. என்னுது அதுக்கப்புறம் எழுதினது."

"அங்கதான் இடிக்குது. 1991ல எழுதின உயில்ல தெற்கே நாகலக்ஷ்மி அம்மாள் வீடுன்னு இருக்கு. அந்த அம்மா அந்த வீட்டை வாங்கினது இந்த வருஷம் தை மாசம். பத்திரத்தோட நகல் கிட்டுகிட்ட இருக்கு. அதுவரைக்கும் தெற்கே சம்பத் வீடு. உங்க அண்ணன் தீபாவளிக்கே போயிட்டார். அப்ப குடியே வராத பக்கத்து வீட்டுக்காரி பேர் அவருக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கு இருக்கிற எல்லையப் பார்த்து யாரோ எழுதியிருக்காங்க."

தெரிந்த ஒருவன் கையெழுத்தைப் போட்டுக்கொடுத்ததாகச் சின்னப்பன் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார்.

தையல்நாயகிக்கு முதலில் வீடு நினைவுக்கு வரவில்லை. யேசுதாசன் மனம் மாறவில்லை என்பதே நெஞ்சை நிறைத்தது. சாம்பசிவன் அவள் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்துப் போட்டுட்டு அவர் ஒண்ணு சொன்னாரும்மா. 'எங்கம்மா வாயில ஒரு மடக்குத் தண்ணி ஊத்த நான் இல்ல. ஊத்தின கை நடுத்தெருவுல நிக்கக் கூடாது'ன்னு."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். போலீசுக்குப் போகலாமா என்று கிட்டு துடித்தபோதுதான் வாயைத் திறந்தாள். "வேணாம் சார். அவரும் அந்தம்மா பெத்த புள்ளதானே" என்றாள்.

சின்னப்பன் தான் காட்டிய உயிலைத் திரும்பப் பெற்றார். சாம்பசிவனின் சாட்சியத்தை ஏற்று, நீதிமன்றமும் மஸ்கட் உயிலை உறுதி செய்தது.

அடுத்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று தையல்நாயகி மல்லிகைச் சரமும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். தாயின் கல்லறையும் யேசுதாசனின் கல்லறையும் அருகருகே இருந்தன. சின்னப்பன் குந்தியிருந்து தாயின் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று அவள் தயங்கினாள்.

அவர் வாளியை நகர்த்தி இடம் விட்டார்.

"எங்கம்மாவ நீதான் பாத்துகின. அத நான் ஒரு நாளும் வாய் தொறந்து சொன்னதில்ல" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "பூவ நீயே போடு, தங்கச்சி" என்றார்.