ஐந்தாவது கியர்

அந்த வெள்ளைக் கார் பட்டறைக்குள் வந்து நின்றபோது அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டி. ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்கு. இங்கே மிதித்தால் அங்கேயும் பெடல் தானாக இறங்கும்.

ஓட்டி வந்தவளை அந்தத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். அக்காவும் அவளுமாக நடத்திய ஸ்கூல். அக்கா விபத்தில் போன பிறகு தனி ஆளாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவது கியர் விழவே மாட்டேங்குதுண்ணே. ஊருக்குள்ளயே சுத்துற வண்டிதானேன்னு விட்டுட்டேன். நாளையிலேர்ந்து கத்துக்க வர்றவங்களை பைபாஸ்ல ஓட்டவைக்கணும்."

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"அடிபட்டதிலேர்ந்து."

மெக்கானிக் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார். அக்கா போனது எந்த வண்டியில் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தார். உள்ளே ஐந்தாவது கியரின் பல்சக்கரங்கள் சிதைந்து கிடந்தன. சரி பண்ண வழியில்லை. வேறொன்றை வாங்கி மாட்டினார்.

மழை வருவதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சோதனை பார்க்கத் தனியாக பைபாஸுக்குப் போனார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஐந்தாவது கியரில் எண்பதைப் பிடித்து அப்படியே போக வேண்டும். இன்ஜின் வேகம் காட்டும் மீட்டரில் முள் ரெண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஆடாமல் நிற்க வேண்டும். வண்டி வேகமெடுக்காமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. எழுபது. எண்பது. முள் நடுவில் நின்றது. சோலி முடிந்தது என்று அவர் நினைத்த நேரம், முள் விருட்டென்று ஏறியது. இன்ஜின் அலறியது. வண்டியோ தளர்ந்து வேகம் இழந்தது.

எரிந்த ரப்பர் நாற்றம் லேசாக வந்தது.

காலை எடுத்தார். வேகம் குறைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

பட்டறைக்குத் திரும்பி மறுபடி எல்லாவற்றையும் இறக்கினார். கிளட்ச் தட்டில் ஒரு கீறல் இல்லை. கருகின அடையாளமும் இல்லை. தன்னையே திட்டிக்கொண்டு திரும்ப மாட்டி, மறுநாள் மீண்டும் போனார். இந்த முறை இடது காலைத் தரையில் தள்ளி வைத்துக்கொண்டார். தன் கால் தெரியாமல் பட்டிருக்குமோ என்ற சந்தேகம்.

எண்பது.

முள் ஏறியது.

அவருடைய கிளட்ச் பெடல், யாரும் தொடாமல், தானே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மெல்லத் தலையைத் திருப்பிப் பக்கத்து சீட்டின் காலடியைப் பார்த்தார். அங்கிருந்த கிளட்சும் அமுங்கியிருந்தது. அதன் ரப்பர் நடுவில் நசுங்கிப் பள்ளமாகியிருந்தது, ஒரு குதிகால் அகலத்துக்கு.

அதை அடுத்திருந்த பிரேக் நடுங்கத் தொடங்கியது.

அவர் வண்டியை ஓரங்கட்டவில்லை. நிறுத்தினால் பக்கத்து சீட்டோடு தனியாக இருக்க வேண்டுமே என்ற பயம். நாற்பதில் உருட்டிக்கொண்டே பட்டறை வாசல்வரை வந்து, குதித்து இறங்கினார்.

சாயங்காலம் டீச்சர் வந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்துச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கும் எண்பதுலதான் போயிருக்காங்க," என்றாள், தணிந்த குரலில். "ஓட்டின பொண்ணு பிழைச்சுக்கிச்சு. எதிர்ல லாரி திரும்பினப்ப அந்தப் பொண்ணு மரத்துப்போயிருச்சாம். அக்காதான் ரெண்டையும் மிதிச்சிருக்கா. வெளியில தூக்கும்போதும் காலைப் பெடல்லேர்ந்து பிரிக்க முடியலைன்னு சொன்னாங்க."

மெக்கானிக் வண்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"வண்டியைத் தலைமுழுகிடும்மா."

"அவ மிதிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா விட்டுருவாண்ணே. அந்தப் பெடலைக் கழட்டிருங்க."

"கூட யாரையும் ஏத்தாதே."

"நானே முதல்ல போய்ப் பாக்குறேன். என் அக்காகிட்ட எனக்கென்ன பயம்?"

சொன்ன வாய் உலர்ந்திருந்தது. அவர் அதைக் கவனிக்காததுபோல இருந்துவிட்டார். கூட வருகிறேன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

காலையில் பக்கத்து சீட்டுப் பெடல்களைச் சட்டத்தோடு கழற்றினார். அறுத்த கேபிள்கள் தொங்க, மேசையில் இருந்த வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் அதை மாட்டி இறுக்கினார். டீச்சர் அவரைப் போனில் கூப்பிட்டு, அதை ஸ்பீக்கரில் போட்டு, கண்ணாடிக்குக் கீழே இருந்த பிடியில் சொருகிக்கொண்டு கிளம்பினாள்.

"பைபாஸ் ஏறிட்டேன்."

"நிதானமாப் போ."

"எழுபது. அஞ்சாவது போட்டாச்சு." இன்ஜின் சத்தம் சீராகக் கேட்டது. "எண்பது. முள்ளு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. அசையவே இல்லைண்ணே."

அவர் மூச்சு விட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வைஸில் கிளட்ச் பெடல் கீழே இறங்கியது.

எதோடும் சேராத பெடல். அறுந்த கேபிள் காற்றில் ஒருமுறை துடித்தது. அடுத்த நொடி பிரேக்கும் இறங்கியது. மெதுவாக அல்ல, முழு உடம்பின் பலத்தோடு. மேசையே குலுங்கியது.

"பிரேக் போடு! நிறுத்தும்மா, இப்பவே!"

டயர்கள் கிறீச்சிட்டன. பிறகு அமைதி.

"நின்னுட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "முன்னாடி ஒண்ணுமில்லையேண்ணே. ரோடே காலியாக் கிடக்கு. எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். பெடல்கள் இரண்டும் அடிவரை அமுங்கியே இருந்தன.

"அண்ணே." குரல் இறங்கியிருந்தது. "முள்ளு இறங்கலை."

"எந்த முள்ளு?"

"இன்ஜின் முள்ளு. அதே இடத்துலதான் நிக்குது."

"சாவியைத் திருப்பி அணைச்சிடு."

"அணைச்சுட்டேன். சாவி என் கையில இருக்கு."

"போனை விடு. கதவைத் திறந்து இறங்கு. ஓடு."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜல்லியில் ஓடும் காலடிகள். எங்கோ தள்ளி, "இறங்கிட்டேண்ணே," என்று அவள் அழும் குரல்.

ஆனால் போனுக்குள் ஓட்டம் நிற்கவில்லை. எண்பதில் போகும் வண்டியின் இரைச்சல், கண்ணாடியில் காற்று மோதும் சத்தம், ஒரே சீராக.

அதற்கு நடுவே, போனுக்கு மிக அருகில், எதிரே எதையோ கண்டுவிட்ட ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள்.

வெளியே விடும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார்.

அது வரவே இல்லை.