நடுங்காத பிள்ளை

தண்ணீரை விட்டு வெளியே வந்த துர்க்கா நடுங்கவில்லை.

ஜூன் மாதத்து ஒன்ராறியோ ஏரி எப்படியிருக்கும் என்று யோகமலருக்குத் தெரியும். கணுக்கால் நனைந்தாலே எலும்புக்குள் வலிக்கும். கோடை தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவில் பஸ் ஏறி, சப்வே மாறி, ஃபெரியில் இந்தத் தீவுக்கு வருவதும், ஆறு வயது மகள் முழங்காலளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் கூத்தடித்துவிட்டு உதடு நீலம் பாரிக்க அழுதுகொண்டு ஓடிவருவதும் வழக்கம். இன்றைக்குப் பிள்ளை நடந்து வந்தாள். அவசரமில்லாமல், கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி வந்து, தாய்க்கு முன்னால் நின்றாள்.

"குளிரேல்லையோ பிள்ளை?"

"இல்லை அம்மா. தண்ணி நல்லாயிருக்கு. நீங்களும் இறங்குங்கோவன்."

துவாயை விரித்த கை அப்படியே நின்றது. தமிழில் எதைக் கேட்டாலும் இங்கிலிஷில்தான் துர்க்கா பதில் சொல்லுவாள். அம்மா என்று கூப்பிடு என்று கெஞ்சியும் பார்த்தாயிற்று, ஏசியும் பார்த்தாயிற்று. மம்மி மம்மிதான்.

பாயில் சரிந்து கிடந்த சிவபாதம் எழுந்து உட்கார்ந்தார். கிழமையில் ஆறு நாள் இரவு வேலை செய்பவர். மகள் விழித்திருக்கும்போது அவர் காணும் நாள் இது ஒன்றுதான்.

"கேட்டனீரே மலர்? பிள்ளை என்ன வடிவாய்க் கதைக்குது."

"ஓம் அப்பா," என்றாள் துர்க்கா. "இனி இப்பிடித்தான் கதைப்பன்."

அவர் சிரித்தார். யோகமலரும் சிரிக்கப் பார்த்தாள். பிள்ளையின் தலையைத் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடியும் ஈரமாயிற்று. துவாய் பிழியும்படி ஊறிய பிறகும் மயிரில் ஈரம் குறையவில்லை. அதிலிருந்து வந்தது பாசி மணமல்ல. கனகாலம் திறக்காத நிலவறையைத் திறந்தாற்போல, வெயிலே படாத கல்லின் மணம்.

பெட்டியிலிருந்த கட்லட்டை எடுத்துக் கொடுத்தாள். உறைப்பு என்றாலே தட்டைத் தள்ளிவிடும் பிள்ளை, பச்சை மிளகாயையும் சேர்த்து மென்றாள். கண் கலங்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. மெல்லும்போது தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஏரிப்பக்கமிருந்து பனிப்புகார் வரத் தொடங்கியிருந்தது. முதலில் தூரத்துப் பாய்ப்படகுகள் மறைந்தன, பிறகு தண்ணீருக்குள் நீண்டு நின்ற நடைபாலத்தின் நுனி, பிறகு அதில் சாய்ந்து நின்ற ஆட்கள் ஒவ்வொருவராக; வறுத்த உருளைக்கிழங்கின் வினாகிரி வாசனையும் ராட்டினத்தின் பாட்டும் ஈரத் துணியால் பொத்தினாற்போல மங்கின. வெயிலில் படுத்திருந்தவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு குழந்தைகளைக் கூப்பிட்டார்கள். காலடிகளில் மணல் நெரிபட்டது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே, தண்ணீர் இருந்த பக்கத்திலிருந்து, மெல்லியதாக ஒரு குரல் கேட்டது.

"மம்மி?"

யோகமலர் நிமிர்ந்தாள்.

"மம்மி, வெயார் ஆர் யூ?"

"இஞ்சேருங்கோ," என்றாள் அவள். "உது துர்க்கான்ரை குரல்."

சிவபாதம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "துர்க்கா உமக்குப் பக்கத்திலை நிக்கிறாள். உது ஆரோ ஒரு வெள்ளைப் பிள்ளை. வாரும், சனம் முழுக்க ஃபெரிக்குத்தான் ஓடுது."

பக்கத்தில் நின்றவள் தாயின் கையைப் பிடித்தாள். அந்தக் கை குளிராகவும் இல்லை, சூடாகவும் இல்லை. கையுறையைப் பிடித்திருப்பது போலிருந்தது.

பூந்தோட்டத்துக்கு நடுவே போகும் அகன்ற பாதையில் நடந்தார்கள். நீரூற்றுகள் தெரியவில்லை, சலசலப்பு மட்டும் கேட்டது. புல்லில் நின்ற வாத்துக்கூட்டம் அவர்கள் வந்ததும் ஒரேயடியாக விலகி வழிவிட்டது. குரலும் பின்னால் வந்தது. சில நேரம் மரங்களுக்குள்ளிருந்து, சில நேரம் வாய்க்கால் பக்கமிருந்து. விம்மலுக்கு நடுவே அவளுக்குப் பழக்கமான அந்த இழுவை. பள்ளிக்கூட வாசலில் தாய் வரப் பிந்தும் நாட்களில் துர்க்கா அப்படித்தான் இழுப்பாள்.

"மம்மீ... வெயிட் ஃபோர் மீ."

வாய்க்காலுக்கு மேலிருந்த பாலத்தில் ஏறியபோது யோகமலர் கையை உதறிவிட்டாள். திரும்பி ஓடினாள். பூப்போட்ட பச்சைச் சட்டை காலில் தடுக்க, செருப்பொன்று கழன்றது. எதிரே வந்தவர்கள் விலகினார்கள். வெள்ளைப் புகைக்குள் ஒரு சின்ன உருவம் தெரிந்தாற்போலிருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கண் தெரியாதவளைப் போல.

பின்னாலிருந்து அழுகை கேட்டது. "அம்மா, என்னை விட்டிட்டுப் போகாதையுங்கோ."

அந்த அழுகை எல்லோரையும் நிறுத்தியது. ஒரு கிழவி குனிந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள். சிவபாதத்தின் முகம் கறுத்திருந்தது.

"பிள்ளையை நடுவழியிலை விட்டிட்டு எங்கை போறீர்? உமக்கென்ன விசரே?"

புகைக்குள் இப்போது ஒன்றும் தெரியவில்லை. குரலும் இல்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பாலத்தின் நடுவில் மஞ்சள் நீச்சலுடையோடு நின்று விக்கிக்கொண்டிருந்தது அவள் பெற்ற முகம்தான். அவள் வாரிய உச்சிதான்.

யோகமலர் திரும்பி வந்தாள். அந்தக் கையைப் பிடித்தாள்.

விக்கல் உடனே நின்றது.

ஃபெரியில் பின்பக்க வாங்கொன்றில் இடம் கிடைத்தது. சிவபாதம் பைகளோடு எதிர்ப்பக்கத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளை யோகமலரின் மடியில் ஏறியிருந்தாள். பாரமாயிருந்தாள். அவளிலிருந்து சொட்டிய தண்ணீர் வாங்கில் வழிந்து, இரும்புத் தளத்தில் கோடாக ஓடியது. டீசல் நாற்றம். காலடியில் இயந்திரத்தின் நடுக்கம். ஊதுகுழல் ஒருமுறை முழங்கியது. ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை துர்க்காவின் முன்பல் விழுந்தது. காலையில்கூட அந்த ஓட்டைக்குள் நாக்கை விட்டு விளையாடினாள். யோகமலருக்கு அது இப்போதுதான் நினைவில் தட்டியது.

"பிள்ளை," என்றாள். "ஒருக்கா வாயைத் திற."

பிள்ளை திறந்தாள்.

பற்கள் வரிசையாக இருந்தன. ஓட்டை இல்லை. எல்லாம் முழுசு. எல்லாம் வெள்ளை. உள்ளே இன்னொரு வரிசை.

"காணுமோ அம்மா, மூடட்டோ?" என்றாள் அவள், மெதுவாக.

இரும்புக் கதவு கிறீச்சிட்டு மூடியது. கயிறு விழுந்தது. யோகமலர் எழப் பார்த்தாள். முடியவில்லை. கழுத்தைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள். இறுக்கமாக. அன்பாக.

கரைக்கும் ஃபெரிக்கும் இடையில் இரண்டு கை அகலத்துக்குக் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. பிறகு அது அகன்றது.

அப்போதுதான் துறையின் விளிம்புக்கு அவள் ஓடிவந்தாள். மஞ்சள் நீச்சலுடை. நீல உதடு. உடம்பெல்லாம் நடுங்கியது. வாய் அகலத் திறந்து அழுதது. முன்னால் ஒரு பல் இல்லை.

"மம்மி!"

யோகமலர் கத்தினாள். சத்தம் வரவில்லை. ஈரமான ஒரு உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. எதிரே சிவபாதம் உறங்கிக்கொண்டிருந்தார்.

துறையில், பிள்ளைக்குப் பின்னால், பனிப்புகார் விலகியது. ஒரு பெண் வந்தாள். பூப்போட்ட பச்சைச் சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு. தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்து பிள்ளையின் தோளைத் தொட்டாள்.

"இட்ஸ் ஓகே, ஸ்வீட்டி. மம்மி இஸ் ஹியர்."

யோகமலரின் குரல். அவளுடைய நாக்கு ஒருநாளும் பேசியிராத, தடங்கலே இல்லாத இங்கிலிஷ்.

துர்க்கா அண்ணாந்து பார்த்தாள். அழுகை நின்றது. அவளே கைகளைத் தூக்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் அவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, விலகிப்போகும் ஃபெரியைப் பார்த்துக் கையசைத்தாள்.

யோகமலரின் மடியிலிருந்தவள் திரும்பிக் கையசைத்தாள்.